செல்லக்கண்ணு அக்காவின் ஒற்றைக் கொலுசு

செருப்பைக் கையில் வாங்கியதும் செல்லக்கண்ணு அக்கா முதலில் அதைத் திருப்பி அடிப்பக்கம் பார்ப்பார். அப்புறம் நிமிர்ந்து, கொடுத்தவரின் முகத்தைப் பார்ப்பார். செருப்பும் முகமும் ஒத்துப்போனால் டோக்கன் கிடைக்கும். ஒத்துப்போகாவிட்டாலும் டோக்கன் கிடைக்கும்தான். ஆனால் அந்த ஆள் சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வரும்வரை அக்காவின் ஒரு கண் கோயில் வாசலைவிட்டு நகராது. சாயம் போன சட்டையும் காலில் புத்தம்புதுத் தோல் செருப்புமாக ஒருவர் வந்துவிட்டால் போதும். "இது அந்த ஆளோட செருப்பே இல்ல. போன எடத்துல மாத்திக் கால்ல தொட்டுக்கிட்டு வந்திருக்கறான்" என்று பக்கத்தில் தேங்காய்க் கடை வைத்திருக்கும் நஞ்சம்மாவிடம் அங்கேயே தீர்ப்பு எழுதிவிடுவார்.

மைசூர் தேவராஜ மொஹல்லாவில், மார்க்கெட்டுக்குப் பின்பக்கத் தெருவில் இருக்கிறது அந்தக் கோயில். வாசலுக்கு இடப்புறம் தகரக் கூரை போட்ட செருப்பு ஸ்டாண்ட் அக்காவுடையது. அதில் ஒரு விசேஷம் உண்டு. வேறெங்கும் ஜோடியாக வைப்பார்கள். அக்கா இடது செருப்புகளை ஒரு அடுக்கிலும் வலது செருப்புகளை எதிர் அடுக்கிலும் பிரித்து வைப்பார். "ஒத்தச் செருப்ப எவன் திருடப் போறான், சொல்லுங்க" என்பது அவர் கேள்வி. திரும்பி வருகிறவர்கள் டோக்கனை நீட்டிவிட்டு, ஒன்று இங்கே, ஒன்று அங்கே என்று அக்கா தேடி எடுக்கும்வரை வெறுங்காலோடு வெயிலில் குதித்துக்கொண்டு நிற்க வேண்டும். கன்னடத்தில் முணுமுணுப்பார்கள். அக்காவுக்குக் கன்னடம் நன்றாகவே தெரியும். அந்த நேரத்தில் மட்டும் தெரியாது.

முன்பெல்லாம் தரையில் பலகை போட்டுத்தான் உட்கார்ந்திருந்தார். யாரோ ஒருவன் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு ஷூவை உருவிக்கொண்டு போன பிறகு, தச்சரைப் பிடித்து உயரமான ஸ்டூல் ஒன்று அடித்துக்கொண்டார். அதன்மேல் ஏறிவிட்டால் இரண்டு அடுக்கும், கோயில் வாசலும், தெருமுனையும் ஒரே பார்வையில் விழும். கால் மட்டும் தரைக்கு எட்டாது. காலையில் நடை திறந்ததிலிருந்து உச்சிவேளை வரை, மறுபடி சாயங்காலத்திலிருந்து நடை சாத்தும்வரை, அக்காவின் இரண்டு கால்களும் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்.

பால் பாக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் உடைக்க மாட்டார். ஆட்டோவில் ஏறினால் வழி நெடுக மீட்டரையே முறைத்துக்கொண்டு வருவார். பேங்க்கிலிருந்து போன் வந்தால், நிஜமான பேங்க்காகவே இருந்தாலும், "நீ எந்த ஊர்ல இருந்து திருடறே?" என்றுதான் ஆரம்பிப்பார். இப்படிப்பட்டவர் மைசூரில் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிற ஒரே ஆள், மார்க்கெட் முக்கில் உள்ள மருந்துக் கடையில் நிற்கும் பாலன். காரணம் ஒன்றும் பெரிதில்லை. அக்காவின் சொந்த ஊர், மாதேஸ்வரன் மலைப் பக்கம் தமிழ் பேசுகிற மார்டள்ளி. அவர் வீட்டுக்காரர் சேகரன் இன்றைக்கும் அங்கே காட்டு வெள்ளாமையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பாலனும் மார்டள்ளிக்காரன். முழங்கால் வலி என்று அக்கா போய் நின்றபோது அவன் ஒரு அட்டை மாத்திரை எடுத்துக் கொடுத்தான். வலி பறந்துவிட்டது. அன்றிலிருந்து அட்டை தீரத் தீர வாங்கி, முந்தானை முடிச்சில் வைத்துக்கொண்டு, காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று போட்டுவருகிறார். ஊர்க்காரன் கொடுத்ததைத் திருப்பிப் பார்ப்பது மரியாதையில்லை என்று அந்த அட்டையின் பின்பக்கத்தைக்கூட அவர் பார்த்ததில்லை.

வீட்டில் மகன் ஹேமந்த், மருமகள் மனிஷா. ஹேமந்த் வேன் ஓட்டுகிறான். அம்மாவும் மனைவியும் பேச ஆரம்பித்தால் வண்டியைத் துடைக்கப் போய்விடுவான். மனிஷாவின் தாய்வீடு கொள்ளேகாலில். தமிழ்க் குடும்பம்தான், ஆனால் படித்ததெல்லாம் கன்னடம். தமிழ் பேசும்போது கன்னடமும் கூடவே கைகோத்துக்கொண்டு வரும். ஒரு சேலைக் கடையில் வேலை. அங்கே வாடிக்கையாளர் உட்கார மெத்தை உண்டு, விற்கிற பெண்களுக்கு ஒரு முக்காலிகூடக் கிடையாது. நாள் முழுக்க நின்றுவிட்டு வீட்டுக்கு வந்ததும் மனிஷா முகம் கழுவி, பாயை விரித்து மல்லாந்து படுத்து, இரண்டு கால்களையும் சுவரில் ஏற்றி வைத்துக்கொள்வாள். அந்தச் சுவரில்தான் மாதேஸ்வரன் படம் போட்ட காலண்டர் தொங்குகிறது. சாமிக்கு நேராகக் காலைக் காட்டுகிறாளே என்று அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். சாமிக்குக் காட்டுகிற சாக்கில் தனக்குத்தான் காட்டுகிறாளோ என்றும் ஒரு சந்தேகம் உண்டு.

இந்த நிலைமையில்தான் தசராவுக்கு முன்னால் கொலுசு பாலிஷுக்குப் போனது.

அக்காவின் கொலுசு கல்யாணத்துக்குப் போட்டது. பட்டையாக, கனமாக, நடந்தால் தெருவுக்கே தெரிகிற மாதிரி இருக்கும். மனிஷாவின் சேலைக் கடைக்குப் பக்கத்திலேயே ஒரு வெள்ளிக் கடை இருக்கிறது. அவளிடம் கொடுத்தனுப்ப அக்கா சம்மதித்ததே பெரிய விஷயம். அதிலும் செருப்பு ஸ்டாண்டு வழக்கம்தான். ஜோடியாகக் கொடுக்கவில்லை. வலது கொலுசை மட்டும் கொடுத்தார். அது ஒழுங்காகத் திரும்பி வந்தால் இடது போகும். இடதைக் கழற்றித் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார்.

வலது பளபளவென்று திரும்பி வந்தது. போட்டுக்கொண்டு நாலு தரம் நடந்தும் பார்த்தார். இடதைக் கொடுத்தனுப்ப மட்டும் இன்னும் மனம் துணியவில்லை. சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் ஸ்டூலிலிருந்து இறங்கியபோது கொலுசு கணுக்காலைக் கவ்விப் பிடித்திருந்தது. விரலை உள்ளே விட்டுப் பார்த்தார், நுழையவில்லை. அக்காவின் மனம் நேராக வெள்ளிக் கடைக்குப் போய், அங்கிருந்து திரும்பி மருமகளிடம் வந்து நின்றது. கண்ணியைக் கழற்றியிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டார். மனிஷா முதலில் சிரித்துவிட்டாள். அதுதான் தப்பாகிப் போனது. கேட்டது யாராக இருந்தாலும் பயந்துதானே பதில் சொல்ல வேண்டும், சிரித்தால் உள்ளே விஷயம் இருக்கிறது என்பது அக்காவின் கணக்கு.

மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் கொலுசு தொளதொளவென்று இருந்தது. சாயங்காலம் மறுபடியும் இறுக்கம். அடுத்த நாளும் அப்படியே. வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் காலைக் குனிந்து பார்த்திருப்பார்கள். அக்கா மருமகளைப் பார்த்தார். தான் தூங்கும்போது அசல் கொலுசை மாட்டிவிட்டு, பகலில் எப்படியோ சின்னதை மாற்றிவிடுகிறாள். எதற்காக அப்படிச் செய்ய வேண்டும் என்று நஞ்சம்மா கேட்டதற்கும் பதில் தயாராக இருந்தது. "நமக்குச் சந்தேகம் வரப்படாதுன்னுதான்!" கோயிலில் கொடுத்த சிவப்புக் கயிற்றில் ஒரு இழையைப் பிரித்து, கொக்கிக்குப் பக்கத்துக் கண்ணியில் அடையாளமாக முடிச்சுப் போட்டார். காலையில் பார்த்தால் சிவப்பு நூல் போட்ட இடத்திலேயே இருந்தது, கொலுசும் தளர்ந்திருந்தது. அடக் கெரகமே, நூலையும் சேர்த்தல்லவா மாற்றுகிறாள் என்று அக்கா அசந்துபோனார். கழற்றினால்தானே மாற்றுவார்கள் என்று அதன்பிறகு குளிக்கும்போதுகூட அதைக் கழற்றவில்லை. ஒற்றைக் கொலுசோடு நடந்தார். ஸ்டாண்டுக்கு வருகிறவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பார்த்தவர்கள்மீதும் அவருக்குச் சந்தேகம் வந்தது.

தேங்காய்க் கடையில் சொன்ன பேச்சு தேங்காய்க் கடையிலேயே நிற்குமா? சேலைக் கடையில் வேலை பார்க்கும் ராணி வெள்ளிக்கிழமைதோறும் அந்தக் கோயிலுக்கு வருகிறவள். மாமியார் கொலுசிலேயே மனிஷா கைவைத்துவிட்டாளாம் என்று விஷயம் கடைக்குப் போனது. சாயங்காலம் வேலை முடிந்து கிளம்பும்போது கல்லாவில் இருந்த முதலாளி, "பையைத் திற" என்றார். மற்ற பெண்கள் பையை மாட்டிக்கொண்டு பேசிச் சிரித்தபடி வெளியே போனார்கள். மனிஷா மட்டும் டிபன் டப்பாவையும் சீப்பையும் எடுத்து எல்லோர் முன்னாலும் வைத்துக் காட்டினாள்.

வீட்டுக்கு வந்தவள் அன்றைக்குக் காலைச் சுவரில் வைக்கவில்லை. துணிகளை மடித்துப் பையில் அடுக்கினாள். ஹேமந்திடம் கன்னடத்தில் வேகமாக என்னவோ சொன்னாள். அப்புறம் அக்காவின் பக்கம் திரும்பி, நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னாள்.

"ஞாயித்துக்கெளமெ கொள்ளேகாலுக்குப் போயிடறேன் அத்தெ. திருடின்ற பேரோட இந்த வீட்ல சோறு எறங்காது."

ஹேமந்த் வண்டி துடைக்கப் போகவில்லை. வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை. கோயிலில் நல்ல கூட்டம். அக்கா சாயங்காலம் முழுக்க ஸ்டூலை விட்டு இறங்கவில்லை. வீட்டுக்கு வந்தபோது கால் கல்லாகக் கனத்தது. கதவோரம் மனிஷாவின் பை தயாராக நின்றது. அக்காவால் சும்மா இருக்க முடியுமா? அந்தப் பைக்குள் என்னென்ன போகிறதோ என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். மனிஷா பையைத் தூக்கி, தலைகீழாகப் பிடித்து, துணிகளையெல்லாம் கூடத்தில் கொட்டினாள். கொட்டிவிட்டு மூச்சு வாங்க நின்றாள்.

"இப்ப உங்க பெட்டியெத் தெறங்க. எடது கொலுசு எடுங்க. அது பாலிஷுக்கே போகலெ. சாவி உங்க இடுப்புல. நான் தொடவே இல்லெ அல்லவா? ஹாகிகொள்ளி. காலுக்குப் போடுங்க."

அக்காவுக்கு இது நியாயமாகத்தான் பட்டது. அசல் கொலுசு எவ்வளவு தாராளமாக இருக்கும் என்று இவளுக்குக் காட்ட வேண்டுமே என்றும் இருந்தது. பூட்டைத் திறந்தார். கறுத்துக் கிடந்த இடது கொலுசை எடுத்துக் காலில் சுற்றி, கொக்கியை இழுத்தார். கொக்கி வந்து சேரவில்லை. நடுவே ஒரு விரல் அகலம் இடைவெளி. புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு மறுபடி இழுத்தார். கணுக்கால் சதை பிதுங்கியதே தவிரக் கொக்கி சேரவில்லை. கொலுசைத் தூக்கி விளக்கில் பார்த்தார். பூட்டைப் பார்த்தார். இடுப்புச் சாவியைத் தடவிப் பார்த்தார். சந்தேகப்படுவதற்கு ஆள் யாரும் மிச்சமில்லை.

மனிஷா எதிரில் உட்கார்ந்தாள். அக்காவின் காலைப் பிடித்து முன்னெலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தி, கொஞ்ச நேரம் பொறுத்து எடுத்தாள். விரல் பதிந்த இடத்தில் பிசைந்த மாவில் விழுந்த மாதிரி ஒரு குழி. அது மேலே எழும்பி வரவே இல்லை.

"இந்தக் குழியும் நான்தான் வெட்டினேனா அத்தெ?"

அக்கா அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊராருடைய கால்களையெல்லாம் பார்க்கிற வேலை. தன் கால் இப்படி ஊதிக் கிடப்பதைத் தான் பார்க்கவில்லை என்பது நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. பயமும் வந்தது. அதைவிட, இந்தப் பெண்ணை என்ன பாடு படுத்திவிட்டோம் என்ற வெட்கம் பெரிதாக இருந்தது. மனிஷாவே காரணம் சொன்னாள். நாள் முழுக்க நின்றாலும், காலைத் தொங்கப் போட்டுக்கொண்டே இருந்தாலும் நீர் கீழே இறங்கி நிற்குமாம். கடையில் எல்லாப் பெண்களுக்கும் தசரா நேரத்தில் கால் ஊதுமாம். அதற்குத்தான் சுவரில் காலைத் தூக்கி வைப்பதாம். ஆனால் இந்தக் குழி வேறு மாதிரி இருக்கிறது, டாக்டரிடம் காட்டித்தான் ஆக வேண்டும் என்றாள்.

சனிக்கிழமை இருவரும் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே ஒரு அறை வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். அக்கா கழற்றினார், ஒரு பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டார். டாக்டரம்மாவும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். மூச்சு வாங்குகிறதா, ராத்திரி தலையணை உயரமாக வேண்டியிருக்கிறதா, ஒரு கால் மட்டும் அதிகமாக வீங்குகிறதா, சிறுநீர் ஒழுங்காகப் போகிறதா என்று வரிசையாகக் கேட்டார். ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சில் ஒயரை ஒட்டிப் படம் எடுத்தார்கள். பிரஷர் கூடியிருந்தது. அப்புறம் டாக்டரம்மா, வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார்.

இல்லை என்று அக்கா தலையாட்டிவிட்டார். முகம் தெரியாத டாக்டரிடம் எதற்கு எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்?

மனிஷாவின் கண் மாமியாரின் முந்தானை முடிச்சுக்குப் போனது. அக்கா அதைக் கவனித்தார். சொல்லிக் கொடுக்கப் போகிறாள் என்று காத்திருந்தார். அவள் சொல்லவில்லை. பார்வையைத் தாழ்த்திக்கொண்டு தன் கையைப் பார்த்தாள். திருடி என்று பெயர் வாங்கியவள், பதிலுக்கு ஒரு வார்த்தை போட்டுக்கொடுத்திருக்கலாம். போட்டுக்கொடுக்கவில்லை. அக்காவுக்கு அது தாங்கவில்லை. முந்தானையை இழுத்து, முடிச்சை அவிழ்த்து, மாத்திரை அட்டையை மேஜைமேல் வைத்தார்.

"எங்க ஊருப் பையன் குடுத்ததுங்க" என்றார்.

டாக்டரம்மா அட்டையைத் திருப்பிப் படித்தார். முழங்கால் வலிக்குக் கேட்கும்தான், ஆனால் மாதக்கணக்கில் போட்டால் இது உப்பையும் நீரையும் உடம்பிலேயே பிடித்து வைத்துவிடும், பிரஷரை ஏற்றும், கிட்னியைக் கெடுக்கும் என்றார். ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. கிட்னி கொஞ்சம் சோர்ந்துதான் இருந்தது. இப்போதே நிறுத்தினால் தேறிக்கொள்ளும், இன்னும் கொஞ்ச காலம் போயிருந்தால் நிலைமை வேறு என்றார். வலிக்கு வேறு வழி சொன்னார். உப்பையும் ஊறுகாயையும் குறைக்க வேண்டும், காலைத் தொங்கப் போடக் கூடாது, அடிக்கடி எழுந்து நடக்க வேண்டும், படுக்கும்போது கால் நெஞ்சைவிட உயரத்தில் இருக்க வேண்டும். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தாலோ, மூச்சு முட்டினாலோ ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஓடிவரச் சொன்னார். மருந்து எழுதாமல், இருந்த மருந்தையும் பிடுங்கிக்கொள்ளும் டாக்டரை அக்கா முதல்முறையாகப் பார்த்தார். வீடு திரும்பும் வழியெல்லாம் வெறும் முந்தானை நுனியையே நெருடிக்கொண்டு வந்தார். ஊரையே சந்தேகப்பட்டு, சந்தேகப்பட வேண்டிய ஒன்றை மட்டும் முந்தானையில் முடிந்து வைத்திருந்தோமே என்ற வருத்தம் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மனிஷா கொள்ளேகாலுக்குப் போகவில்லை. அத்தைக்குக் கால் சரியாகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றாள். கொட்டிய துணிகள் அலமாரிக்குப் போயின. பை மட்டும் கதவோரத்திலேயே நின்றது.

மாதேஸ்வரன் காலண்டர் எதிர்ச் சுவருக்கு மாறியது. மாற்றியது அக்காதான். சாயங்காலங்களில் மாமியாரும் மருமகளும் பக்கத்தில் பக்கத்தில் படுத்து, நாலு கால்களையும் சுவரில் ஏற்றி வைத்துக்கொண்டார்கள். ஹேமந்த் முதல் நாள் பார்த்துவிட்டு மறுபடி வாசலுக்கே போய்விட்டான். ஸ்டாண்டில் உயர ஸ்டூல் ஓரத்துக்குத் தள்ளப்பட்டது. தாழ்ந்த முக்காலி வந்தது. நஞ்சம்மாவின் தேங்காய்ப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் காலை நீட்டிக்கொண்டார். ஆள் வராத நேரத்தில் அடுக்குக்கு அடுக்கு நடந்தார். சந்தேகம் மட்டும் எங்கும் போய்விடவில்லை. குழம்பில் உப்பு குறைவதைக் கண்டுபிடித்தார். ஊறுகாய் ஜாடி காணாமல் போனதற்கு மனிஷாதான் காரணம் என்றார். அது உண்மையும்கூட. பாலனிடம் போய் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டும் வந்தார். நல்லது நினைத்துத்தான் கொடுத்தேன் அக்கா என்று அவன் தலைகுனிந்து நின்றானாம்.

வீக்கம் மெல்ல மெல்ல வடிந்தது. அழுத்தினால் குழி விழவில்லை. ஒரு சாயங்காலம் வலது கொலுசுக்குள் விரல் தாராளமாக நுழைந்தது. சுவரில் காலை வைத்தபடியே அக்கா அதை மருமகளுக்குக் காட்டினார். பார்த்தாயா, எல்லாம் சரியாகிவிட்டது என்றார்.

மனிஷா கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "வீட்ல சரியாயித்து அத்தெ. கடெயில நான் இன்னும் தெனமும் பையெத் தெறந்து காட்டறேன்."

அதைச் சொல்லும்போது அவள் குரலில் கோபம்கூட இல்லை. அக்கா காலைக் கீழே இறக்கி எழுந்து உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் சாயங்காலம் செருப்பு ஸ்டாண்டை நஞ்சம்மாவின் பொறுப்பில் விட்டுவிட்டு அக்கா கிளம்பினார். இத்தனை வருஷத்தில் அப்படி விட்டதே இல்லை; நஞ்சம்மா ஏதோ விபரீதம் என்று பயந்தே போனாள். மார்க்கெட் நெரிசலில் மெதுவாக நடந்து சேலைக் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது வேலை முடிகிற நேரம். கல்லாவில் முதலாளி இருந்தார். ராணியும் மற்ற பெண்களும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கல்லாவுக்கு முன்னால் மனிஷா பையின் ஜிப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

அக்கா நேராக அவள் அருகில் போனார். மாமியாரை அங்கே பார்த்ததும் மனிஷாவின் முகம் வெளுத்தது. அக்கா குனிந்து வலது கொலுசைக் கழற்றினார். மடியிலிருந்து கறுத்த இடது கொலுசையும் எடுத்தார். இரண்டையும் சேர்த்து மருமகளின் கையில் வைத்தார்.

"பாலிஷுக்குக் குடுத்துரு சாமி. ஜோடியாவே குடு" என்றார். கடை முழுக்கக் கேட்கிற மாதிரிதான் சொன்னார்.

முதலாளி தலையைத் தூக்கிப் பார்த்தார். ராணி வாசற்படியிலேயே நின்றாள். மனிஷா கையை மூடப் போனாள். அக்கா அவள் கையைப் பிடித்து நிறுத்தி, வலது கொலுசை மட்டும் திரும்ப எடுத்தார். கொக்கிக்குப் பக்கத்தில் இருந்த சிவப்பு நூலைப் பல்லால் கடித்து அறுத்துத் துப்பிவிட்டு, கொலுசை மறுபடி அவள் கையிலேயே வைத்து விரல்களை மடக்கிவிட்டார்.